அரை அங்குலம்

காந்தி ரோட்டுக்குப் பின்சந்தில் மூன்று மாடி லாட்ஜ்.
பதினான்காம் அறைக் கட்டிலைத் தூக்கி நிறுத்தினோம்.
நான்கு கால்கள் பதிந்த நான்கு வட்டங்களில் மட்டும்
பழைய நிறம் மிச்சம்,
நாட்டுக்கோழி முட்டை நிறம்.
ஒன்பதுக்கு ஒன்பது சதுரங்கள்.
ஓரம் தூக்கிய ஒன்றின் அடியில்
தார்போலக் கறுப்புப் பசை.

பார்த்ததும்
உளியை வாளிக்குள் வைத்துவிட்டேன்.

"இன்னா தஸ்தகீர் பாய், பேத்து எடுக்கலியா?"
வேதாசலம் வாசலில் நின்றபடியே கேட்டார்.
கல்நார் கலந்த டைல்ஸ் என்றேன்.
"ஆஸ்பெஸ்டாஸா? அது கூரைக்குப் போடறதாச்சே,
தரைக்கு எப்ப எறங்குச்சி?"

இப்படிக் கேட்கக்கூட அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி ஆபீஸ்.
தொண்ணூற்றேழு, கத்திரி வெயில்.
ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டு
நானும் மச்சான் அன்வரும்
பதினோரு அறைகளைக் காயக் காயச் சுரண்டினோம்.
சுரண்ட வராததைக் கிரைண்டரில் தேய்த்தோம்.
சாயங்காலம் என் தலையைப் பார்த்து
"கிழவா" என்றான்.
அவன் புருவமும் நரைத்திருந்தது.
அந்தச் சட்டையை வீட்டில் ஜைபுன்னிஸா
முதலில் உதறினாள்.
பிறகுதான் துவைத்தாள்.

பல வருஷம் கழித்து, பாகாயத்தில் ஒரு வேலையில்,
எஞ்சினியர் பெண் ஒருத்தி ஓடிவந்து
என் கிரைண்டர் வயரைப் பிடுங்கிவிட்டுச் சொன்னாள்.
முப்பது வருஷம்கூட நெஞ்சுக்குள் பொறுத்திருக்குமாம்.
எந்தக் கடன்காரனும் அவ்வளவு பொறுக்க மாட்டான்.

ஆகவே பதினான்காம் அறையில்
துடைப்பத்துக்கு வேலை இல்லை. ஃபேனுக்கும் இல்லை.
உடையாத சதுரத்தை உடைக்கக் கூடாது,
அவ்வளவுதான் வித்தை.
ஏற்கெனவே விண்டிருந்த மூன்றுக்கு
இஸ்திரிக்காரரிடம் வாங்கிய தெளிப்பான்,
சோப்புத் தண்ணீர், ஈரத்துணி,
இரட்டைப் பை, இறுக்கிக் கட்டிய வாய்.
சமையலறையில் தீ அணைப்பதுபோல் அல்ல,
தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் நடப்பதுபோல்.

பள்ளத்தில் கலவை பூசி, காயவிட்டு,
மெல்லிய விரிப்பு. அதன்மேல்
தேக்குபோல் அச்சிட்ட பலகைகள்.
ஆணி இல்லை. ஒன்றன் பல்லில் ஒன்று
டக், டக்கென்று கடித்துக்கொண்டன.

ஐந்து மணிக்குக் கதவு சாத்த மறுத்தது.

"பாத்தியா, அரை அங்குலம் முழுங்கிட்ச்சே!"
சுரண்டியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்பது
அவர் கணக்கு.
கீல் கழற்றி, கதவை மொட்டைமாடிக்குச் சுமந்து,
அடியில் அரை அங்குலம் சீவினேன்.
வேப்பந்தூள். மூக்கில் ஏறித் தும்மினேன்.
தும்மியதும் போய்விட்டது,
தூள் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

"இதை எழுதி வைக்கணும்" என்றேன்.
"எழுதி வெச்சா எவன் ரூம் எடுப்பான்?"
ஊரெல்லாம் நெஞ்சைக் காட்ட வந்தவர்கள்
தங்கும் லாட்ஜ். அவர் சொல்வதும் பொய்யில்லை.
கடைசியில் ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம்
என்று முடிவாயிற்று.
துளை போட வருகிறவன் முதலில் திறப்பது அதைத்தானே.

மார்க்கரில் எழுதினேன்:
இந்தத் தரைக்கு அடியில் இன்னொரு தரை.
கல்நார். துளைக்காதே, சுரண்டாதே.

பதினைந்தாம் அறை நிர்மலேந்து,
பாங்குராவிலிருந்து வந்தவர்,
எக்ஸ்ரே உறையை அக்குளில் இடுக்கியபடி
என்ன எழுதினாய் என்று இந்தியில் கேட்டார்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் புதுப் பலகையைக் காலால் அழுத்திப் பார்த்தார்.
பிறகு மார்க்கரை வாங்கி
கீழே தன் பாஷையில் ஒரு வரி சேர்த்தார்.
மேலே ஒரு கோடு, அதிலிருந்து
கொடியில் காயும் சட்டைகள்போல் தொங்கின எழுத்துகள்.
நான் எழுதியதையேதான் எழுதினாரா
என்று கேட்கவில்லை.

நாளை பதினைந்தைத் தொடங்க வேண்டும்.
ரிப்போர்ட் வந்ததும்
காலி செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.